சமையலறைப் பக்கமும் தெருப் பக்கமும்

படகைக் கவிழ்த்துப் போட்டுத்தான் கட்டுவார்கள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. எதிர்வீட்டுக் கொட்டகையில் அப்படி ஒன்று எட்டு மாதமாகக் குப்புறக் கிடந்தது. ஏணி மாதிரி ஒரு நீள மேடை. அதன்மேல் தலைகீழாக நிறுத்திய ஏழு மரச்சட்டங்கள். அவற்றின் முதுகில் முன்மூக்கிலிருந்து பின்பலகை வரை ஓடும் ஒரு நடுக்கட்டை. விருந்து முடிந்த பிறகு தட்டில் முள்ளாக மிஞ்சிய பெரிய மீன் போலிருக்கும். அந்த மீனுக்குத் தோல் போர்த்தி, பாய் கட்டி, ஏரியில் விடுவதாக ஏற்பாடு.

குப்புறக் கிடக்கிற படகில் இடது எது வலது எது என்று முதல் மாதமே தகராறு வந்துவிட்டது. "தொழில்நுட்ப ரீதியாப் பாத்தா இப்ப இடதுன்னு தெரியுதே, அதுதான் வலது" என்று வீட்டுக்காரர் விளக்கிய அன்று, அவருடைய மச்சான் உளியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு நாள் கொட்டகைப் பக்கமே வரவில்லை. கடைசியில் வீட்டுக்காரரின் மனைவிதான் தீர்ப்பு சொன்னார். சமையலறை ஜன்னலைப் பார்த்திருப்பது சமையலறைப் பக்கம், தெருவைப் பார்த்திருப்பது தெருப் பக்கம். படகு நிமிர்ந்தாலும் சரி, நீந்தினாலும் சரி, இனி அதுதான் பெயர்.

வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் 'ஸ்கேல்' என்பார்கள். தண்ணீர்க்குழாய் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் படம் வரைந்து ஓய்வு பெற்றவர். சட்டைப்பையில் ஒரு எஃகு ஸ்கேல் எப்போதும் நிற்கும். ரொட்டித் துண்டின் தடிமனை அதால் அளந்து பார்த்துவிட்டுக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்த மனிதர். 'தொழில்நுட்ப ரீதியாக' என்று தொடங்காமல் அவரால் குளிக்கப் போகிறேன் என்றுகூடச் சொல்ல முடியாது.

மச்சான் தச்சர். நாற்பது வருஷம் கதவும் ஜன்னலும் செய்தவர். அவருக்கும் கர்வம் உண்டு, ஆனால் வாயால் காட்டமாட்டார். ஒரு மரத்துண்டை எடுத்து, ஒரு கண்ணை மூடி, அதன் நீளத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நாம் ஏதோ தப்புப் பண்ணிவிட்டோம் என்று நமக்கே தோன்ற ஆரம்பிக்கும். மனைவி போன பிறகு, ஐந்து வருஷத்துக்கு முன்னால், கருவிப் பெட்டியோடு தங்கை வீட்டுப் பின்னறைக்கு வந்தார். மகன் வேறு ஊரில் இருக்கிறான், ஐந்தாவது மாடியில். அங்கே நாற்காலியை நகர்த்தினாலே கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டுவாராம்.

இந்த இருவருக்கும் நடுவில் அந்தம்மா. பள்ளிக்கூட ஆபீசில் இருபத்தேழு வருஷமாக டைம்டேபிள் போடுகிறவர். ஒரே பீரியடை இரண்டு வாத்தியார்கள் கேட்டால் வாரத்தைப் பாதியாக வெட்டி ஆளுக்கு ஒரு பாதி கொடுத்துவிடுவார். அதே முறைதான் வீட்டிலும். ஒருத்தருக்கு மின்விசிறி இரண்டில் ஓடவேண்டும், இன்னொருத்தருக்கு நாலில். அது மூன்றில் ஓடியது. அண்ணனுக்கு டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை வேண்டும். கணவருக்கு ஒரு துளிகூட ஆகாது. இருவருக்கும் ஒரு கரண்டி. ஐந்து வருஷமாக இருவரும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு அந்த டீயைக் குடித்து வந்தார்கள்.

படகையும் அவர் அப்படித்தான் பிரித்துக் கொடுத்திருந்தார். சட்டத்தில் கைவைக்கிற ஒவ்வொரு தடவையும் சண்டை வரவே, "ஏங்க, சமையலறைப் பக்கம் உங்களது. அண்ணா, தெருப் பக்கம் உன்னுது. நடுக்கட்டையில நூல் கட்டியிருக்குல்ல? அதைத் தாண்டி யாரும் பேசக்கூடாது" என்றார். ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு பாதியை மாப்பிள்ளை ஸ்கேலும் மறுபாதியை மச்சானும் செய்து, நடுவில் கொண்டுவந்து பூட்டினார்கள். ஏழு சட்டம், பதினான்கு பாதி. நாலு மாதம் சத்தமே இல்லை. நான்கூட, பரவாயில்லையே, உலகத்தில் இப்படியும் சமாதானம் சாத்தியம்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அடிப்பலகை ஒட்டுகிற நாள் வந்தது. ஒன்பது மில்லி பிளைவுட். இரண்டு பலகைகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒரே தடவையில் அறுத்தார்கள். இரட்டைப் பிள்ளைகள். 'ஓரத்துல ஒரு அஞ்சு மில்லி கூட விட்டு அறுக்கணும், அப்புறம் சீவிக்கலாம்' என்று தச்சர் சொன்னதை, அபூர்வமாக, ஸ்கேலும் ஒப்புக்கொண்டார். அந்தம்மா சமையலறையில் பசை கலந்து கொண்டுவந்தார். சமையலறைப் பக்கத்துப் பலகையை நடுக்கட்டையிலிருந்து, அடியும் பக்கமும் சேருகிற மூலைக்கட்டை வரை வளைத்து அழுத்தி, இருபத்திரண்டு கிளாம்ப் போட்டு இறுக்கினார்கள். கிளாம்ப் எல்லாம் தச்சருடையவை. ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு பெயிண்ட் பொட்டு. பலகை சொன்னபடி ஐந்து மில்லி வெளியே நின்றது.

மறுநாளைக்கு ஒட்டவேண்டிய தெருப் பக்கத்துப் பலகையைச் சும்மா வைத்துப் பார்த்தார்கள். அது மூலைக்கட்டையின் விளிம்பை எட்டவில்லை. நாலு மில்லி குறைந்தது.

"தள்ளுங்க மச்சான்."

"தள்ளிட்டேன் மாப்ள."

"இன்னும் தள்ளுங்க."

"இதுக்கு மேல தள்ளுனா நானும் உள்ளே போயிடுவேன்."

பலகையை எடுத்து, திருப்பி, மறுபடி வைத்தார்கள். நாலு மில்லி. ஒரே நேரத்தில் அறுத்த இரண்டு பலகை. ஒன்று கூடுதல், ஒன்று குறைச்சல். அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்கள். டேப்பின் மறுமுனையைப் பிடிப்பதற்கு ஒரு நடுநிலையாளர் தேவைப்பட்டாராம்.

அன்று மத்தியானம் முழுக்க நான் பிடித்தேன். முதலில் நூல் நகர்ந்துவிட்டது என்று சந்தேகப்பட்டார்கள். நூல் நகரவில்லை. அப்புறம் தரை சாய்ந்துவிட்டது என்று ரசமட்டம் வைத்தார்கள். குமிழி நடுவில் நின்று எங்களைப் பார்த்தது. டேப் நீண்டுவிட்டிருக்கும் என்றார் ஸ்கேல். டேப்பை மாற்றினோம். அப்படியும் அவரவர் பக்கத்தை அவரவர் அளந்தால் மயிரிழை தப்பில்லை. ஸ்கேல் தன் நோட்டைப் பார்த்து அளந்தார், சரி. தச்சர் சுவரில் மாட்டியிருந்த படகின் வரைபடத்தைப் பார்த்து அளந்தார், சரி. படகு மட்டும் தப்பு.

"சார், நீங்க முனையைச் சரியாப் பிடிக்கிறீங்களா?" என்று ஸ்கேல் என்னையே கேட்டுவிட்டார்.

"பிடிச்சிட்டுத்தான் இருக்கேன். விட்டா வீட்டுக்குப் போயிடுவேன்."

இதற்கிடையில் படகு மன்றத்துச் செயலாளர் வேறு வந்து சேர்ந்தார். வெள்ளைச் சப்பாத்து, கழுத்தில் தொலைநோக்கி. எங்கள் ஏரியின் மறுகரையில் நின்று யாராவது மூக்கைச் சொறிந்தால் இங்கிருந்து வெறும் கண்ணுக்கே தெரியும். படகின் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, "உயிர் இருக்கு" என்றார். இரண்டு பக்கத்துக்கும் ஒன்பது மில்லி வித்தியாசம் வருகிறது என்று நான் சொன்னதும், "கடல் மில்லிமீட்டர் பாக்காது" என்றார்.

"இது ஏரிங்க" என்றார் தச்சர்.

செயலாளர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. மூலையில் சாத்தியிருந்த துணிக்கொடிக் கம்பைத் தட்டிப் பார்த்து, "பாய்மரம் பிரமாதம், என்ன மரம்?" என்று விசாரித்து, டீ குடித்து, அதன் இனிப்பைப் பற்றி ஒரு கருத்தும் சொல்லாமல் போய்விட்டார். அன்றைக்கு அந்தக் கொட்டகையில் குழப்பமில்லாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

விஷயத்தை வெளியே கொண்டுவந்தது அந்தம்மா. டீக் கோப்பைகளை எடுக்க வந்தவர், கீழே கிடந்த பிளைவுட் துண்டு ஒன்றை எடுத்து, தெருப் பக்கத்துச் சட்டத்தின் விளிம்புக்கும் ஸ்கேல் தன் நோட்டுப்படி போட்டிருந்த பென்சில் கோட்டுக்கும் நடுவில் வைத்துப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

"ஏங்க, இந்த வித்தியாசம் பலகைத் தடிமன்தானே?"

"ஆமா. பலகைத் தடிமனைக் கழிச்சுத்தானே சட்டம் செய்யணும்? படத்துல இருக்கிற கோடு படகோட வெளித்தோல். தொழில்நுட்ப ரீதியா அது பால பாடம்."

தச்சர் மெல்ல நிமிர்ந்தார். "கழிச்சீங்களா?"

"நீங்க கழிக்கலையா?"

"கோடுன்னா மரம். படத்துல கதவு மூணடின்னா மூணடிக் கதவு செய்யணும். பெயிண்ட் அடிப்பாங்கன்னு ரெண்டே முக்காலாச் செய்வாங்களா?"

"மச்சான், இது கதவு இல்ல."

"தெரியும் மாப்ள. கதவுன்னா எப்பவோ சாத்திட்டுப் போயிருப்பேன்."

"கழிக்கணும்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கழிக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? நூலைத் தாண்டிப் பேசக்கூடாதுன்னு உத்தரவு."

இருவரும் திரும்பி அந்தம்மாவைப் பார்த்தார்கள். அவர் கோப்பைகளோடு உள்ளே போய்விட்டார்.

அதன்பிறகு பேச்சு மில்லிமீட்டரை விட்டுவிட்டது. குழாய் ஆபீசில் மாப்பிள்ளை வரைந்த படத்தின்படி தோண்டி, குழாய்க்குப் பதிலாக யாரோ ஒருவருடைய கிணறு கிடைத்த கதையைத் தச்சர் எடுத்தார். இந்த வீட்டுக் குளியலறைக் கதவு இன்றுவரை மழைக்காலத்தில் சாத்தாது என்பதை ஸ்கேல் நினைவுபடுத்தினார். இருவருக்கும் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறியது. 'நீங்க பெரியவங்க', 'நீங்க படிச்சவங்க' என்று தொடங்கினால் அந்த வீட்டில் நிலைமை கைமீறிவிட்டது என்று அர்த்தம்.

சாயங்காலம் தச்சர் பின்னறையிலிருந்து கருவிப் பெட்டியைக் கொண்டுவந்து கொட்டகை வாசலில் வைத்தார். உளிகள், இழைப்புளிகள், வாள்கள் எல்லாம் துடைத்து அடுக்கி மேலே துணி மூடியிருந்தது. "மகன் வீட்டுக்குப் போறேம்மா. ஃபோன் பண்ணிட்டேன்."

"பெட்டியை எங்க வைப்பே அங்க?"

"பெட்டி எதுக்கு? அங்க யாருக்காவது குடுத்துட்டு உக்காந்துக்கறேன்."

அந்தம்மாவின் முகம் அப்போது எப்படிப் போயிற்று என்று நான் எழுதப்போவதில்லை. அண்ணன் தன் உளியை யாருக்காவது கொடுப்பார் என்பதும், தன் கையை வெட்டிக் கொடுப்பார் என்பதும் அவருக்கு ஒன்றுதான்.

போவதற்கு ஒரே ஒரு தடை இருந்தது. இருபத்திரண்டு கிளாம்ப்பும் சமையலறைப் பக்கத்துப் பலகையைக் கவ்விக்கொண்டிருந்தன. பசை காயும் முன் கழற்றினால் வளைத்து ஒட்டிய பலகை விருட்டென்று நிமிர்ந்துவிடும். என்ன கோபம் இருந்தாலும் காயாத வேலையிலிருந்து கிளாம்ப்பைக் கழற்றத் தச்சருக்குக் கை வராது. காய ஒரு நாள் ஆகும் என்று டப்பாவில் போட்டிருந்தது.

"நாளைக்குக் கழட்டிட்டுப் போறேன்" என்றார்.

அன்று ராத்திரி மழை பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலை தச்சர் ஊருக்குப் போகப் போட்ட சட்டையோடு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். கொட்டகைத் தகரத்தில் மழை இரைந்தது. பலகையின் ஓரத்தில் வழிந்திருந்த பசைத்துளியைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். விரலோடு நூலாக வந்தது.

"ஈரக் காத்து. மத்தியானம் ஆகும்."

மத்தியானமும் நூலாக வந்தது. ஸ்கேல் ஒரு பெரிய பல்பைக் கொண்டுவந்து பலகைக்குப் பக்கத்தில் கட்டினார். மச்சான் சீக்கிரம் போகட்டும் என்றா, பலகை நன்றாக ஒட்டட்டும் என்றா என்று அவருக்கே தெளிவில்லை போலிருந்தது. தச்சரிடம் நேரே பேசாமல் என்னிடம் சொன்னார்: "சார், வெப்பம் குடுத்தா வேதிவினை வேகப்படும்னு சொல்லுங்க."

நான் தச்சரைப் பார்த்தேன். அவர், "கேட்டுச்சுன்னு சொல்லுங்க சார்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் அந்தம்மா வந்து, பல்ப் துணியில் பட்டுத் தீப்பிடித்துவிடும் என்று அதை அணைத்துவிட்டுப் போனார். பக்கத்தில் துணி ஒன்றும் இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆண்கள் இருவரும் ஆளுக்கொரு அறையில் கண்ணயர்ந்த நேரம். அந்தம்மா என்னைக் கொட்டகைக்குள் கூப்பிட்டார். கையில் திருப்புளி.

"சார், அந்தப் படத்தைக் கீழே இறக்குங்க."

சுவரில் படகின் வரைபடம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அந்த வீட்டில் காலமான பெரியவர்களுக்குக்கூட அவ்வளவு நல்ல சட்டம் கிடையாது. தபாலில் வந்த அன்றே ஸ்கேல் அதைச் சட்டம் போட்டுவிட்டார்.

"நாலு பக்கமும் ஓரத்தை மடிச்சுப் பின்னாடி விட்டாருங்க. பொடி எழுத்து அசிங்கமா இருக்குன்னு. நான்தான் தாளைப் பிடிச்சிட்டு நின்னேன். அதுல ஏதாவது போட்டிருக்குமோன்னு நேத்திலேருந்து மனசு அடிச்சுக்குது. அவரு மறந்தே போயிட்டாரு."

திருகாணிகளைக் கழற்றினேன். பின்னட்டையை எடுத்து, மடிப்பை விரித்தோம். கீழ் ஓரத்தில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு வரி இருந்தது. அந்தம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை மூக்கருகே கொண்டுபோய் வாசித்தார். அளவுகள் அனைத்தும் சட்டத்தின் விளிம்பு வரை. பலகையின் தடிமன் இதில் சேராது.

தச்சர் சொன்னதுதான் சரி. பால பாடத்தில் தோற்றவர் ஸ்கேல். அதுவும், தானே சட்டம் போட்டு, தானே மறைத்துக்கொண்டு.

"தீர்ந்துச்சு" என்றேன் நான், தண்டோரா போடப் போகிறவனைப்போல. "உங்க அண்ணன் போகவேண்டியதில்லையே!"

அந்தம்மா தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க அண்ணன் ஜெயிச்சா எப்படியிருப்பான்னு உங்களுக்குத் தெரியாது சார். ஒண்ணுமே பேசமாட்டான். தினம் காலையில இவரைப் பாத்து ஒரு கண்ணை மூடுவான், அவ்வளவுதான். இவரு ஒரு மாசம் தாங்குவாரு. அப்புறம் இவரு எங்கேயாவது போறேன்னு பெட்டி எடுப்பாரு. இவருக்குப் போக மகன் வீடுகூட இல்ல."

ஓரத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். பின்னட்டையை வைத்து, திருகாணிகளை என்னிடம் நீட்டினார்.

"நீங்க எதையும் பாக்கல."

"நான் இன்னிக்குக் கண்ணாடியே போட்டுட்டு வரலம்மா."

"மூக்கு மேல இருக்கு சார்."

"அது வழக்கத்துக்கு."

படம் மறுபடி சுவரில் ஏறியது. தப்பு நடந்தது தெரியும், யாருடையது என்றும் தெரியும், இனி என்ன செய்வது என்பது மட்டும் தெரியாது. டேப் முனையைப் பிடித்துக்கொண்டிருந்தபோதே நான் இன்னும் தெளிவாக இருந்தேன் என்று தோன்றியது.

மூன்றாம் நாள் மழை விட்டு வெயில் அடித்தது. தச்சர் துளியை அமுக்கினார். நூல் வந்தது. ஸ்கேல், மச்சானைக் கேட்காமல், மறுபக்கத்திலிருந்து இன்னொரு துளியை அமுக்கினார். அவருக்கும் வந்தது. இருவரும் கட்டைவிரலை ஆட்காட்டி விரலோடு ஒட்டிப் பிரித்து, ஒட்டிப் பிரித்து, அந்த நூலையே முறைத்தார்கள்.

"பழைய பசையா இருக்கும்" என்றார் தச்சர், பொதுவாக.

"போன மாசம் வந்த டப்பா" என்றார் ஸ்கேல், கூரையிடம்.

"அப்ப கலவை."

இருவரும் ஒரே சமயத்தில் சமையலறை ஜன்னலைப் பார்த்தார்கள். அந்தம்மா ஈரக் கையோடு வாசலுக்கு வந்தார்.

"பசையில ஹார்டனர் எவ்வளவும்மா ஊத்தினே?" என்றார் தச்சர்.

"மூணுக்கு ஒண்ணு."

"மூணா!"

"நீ நாலுக்கு ஒண்ணுன்னு சொன்னே."

"அது கதவுக்குப் போடுற பழைய பசைக்கும்மா!"

"இவரு ரெண்டுக்கு ஒண்ணுன்னாரு. ரெண்டு பேருக்கும் பொதுவா மூணாப் போட்டேன்."

"பசையிலகூடவா!" என்று இரண்டு குரல்கள் ஒன்றாக வெடித்தன. ஒரே சொல், ஒரே மூச்சு. "மூணுன்னா இந்த ஜென்மத்துல காயாது" என்றார் தச்சர். "தொழில்நுட்ப ரீதியா இது பசையே இல்ல, பாகு" என்றார் ஸ்கேல். "நான் சொல்லல?" "நீங்க சொன்னீங்க மச்சான்." "எல்லாத்தையும் பாதியாக்குனா எப்படிம்மா?" "கேளுங்க மச்சான், நல்லாக் கேளுங்க." இரண்டு நாளாக ஒருவருக்கொருவர் என் மூலம் பேசிக்கொண்டிருந்தவர்கள் என்னை மறந்தே போனார்கள். அந்தம்மா தலைகுனிந்து திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். திட்டு வாங்குகிறவர் முகத்தில் அவ்வளவு ஆறுதலை நான் பார்த்ததில்லை.

திட்டு ஓய்ந்ததும் ஸ்கேல் சொன்னார்: "போச்சு. பலகை வீண்."

தச்சர் ஒரு கிளாம்ப்பைத் தளர்த்தினார். இன்னொன்றை. வரிசையாக இருபத்திரண்டு. பெட்டியைத் திறந்து, துணியை விலக்கி, ஒரு பட்டையுளியை எடுத்து ஓரத்தில் மெல்லக் கொடுத்து நெம்பினார். பலகை, வெல்லப்பாகில் ஒட்டிய மூடி மாதிரி, ஒரு பெருமூச்சோடு எழும்பி வந்தது. ஒரு கீறல் இல்லை.

"காஞ்சிருந்தாத்தான் வீண்" என்றார் தச்சர். "இது துடைச்சாப் போயிடும்."

படகு மறுபடி வெறும் எலும்பாக நின்றது. இரண்டு பக்கமும் திறந்திருந்தது. எந்தப் பக்கத்தையும் இப்போது மாற்றலாம் என்பது மூவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. ஆனால் எந்தப் பக்கத்தை? ஸ்கேல் வாயைத் திறந்தார். தச்சர் ஒரு கண்ணை மூடினார். மறுபடி ஆரம்பம்.

"அந்தப் பக்கம் எத்தனை வெளிய நின்னுச்சு?" என்றார் அந்தம்மா.

"அஞ்சு."

"இந்தப் பக்கம் எத்தனை குறைஞ்சுச்சு?"

"நாலு."

"மொத்தம் ஒம்பது. இதுல பாதி நாலரை. சமையலறைப் பக்கம் நாலரை மில்லி கூட்டுங்க. தெருப் பக்கம் நாலரை மில்லி சீவுங்க. ரெண்டு பலகையும் ரெண்டு பக்கமும் எட்டும். அரை மில்லி மிச்சம் வேற நிக்கும்."

"அது எந்தப் படத்துலயும் இல்லாத படகு ஆயிடுமே" என்றார் ஸ்கேல்.

"ஏரியில யாரு படத்தை வச்சுப் பாக்கப் போறா? ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கும்ல?"

தச்சர் கவிழ்ந்த எலும்புக்கூட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "நேராப் போகும்" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய சான்றிதழ்.

வேலை செய்யப் போனபோதுதான் இன்னொன்று புலப்பட்டது. சமையலறைப் பக்கம் கூட்டி ஒட்டவேண்டிய நாலரை மில்லிப் பட்டையை ஒரே தடிமனில் இழைக்க ஸ்கேலுக்குக் கை கிடையாது. ஏழு சட்டங்களை ஒட்டி ஓடும் வளைவில் நாலரை மில்லிக் கோட்டை ஒரே சீராகப் போடத் தச்சருக்குப் பொறுமை கிடையாது. அதனால் மாப்பிள்ளையின் பக்கத்துக்கான பட்டையை மச்சான் இழைத்தார். மச்சானின் பக்கத்தில் சீவவேண்டிய கோட்டை மாப்பிள்ளை எஃகு ஸ்கேலை வைத்து மண்டியிட்டுப் போட்டார். இரண்டு நாள் அந்தக் கொட்டகையில் இழைப்புளிச் சத்தம்தான். தரையெல்லாம் மெல்லிய மரச்சுருள். வாசலில் பெட்டி அங்கேயே இருந்தது. வேண்டியபோது துணியை விலக்கி எடுப்பார், முடிந்ததும் துடைத்து உள்ளே வைத்து மூடுவார். மகன் வீட்டுக்குப் போவதைப் பற்றி யாரும் பேசவில்லை. போகவில்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

பட்டை காய்ந்ததும் சமையலறைப் பக்கத்துப் பலகையைத் திரும்ப ஒட்டினார்கள். பசை கலக்கும் பொறுப்பு நடுநிலையாளரான என்னிடம் வந்தது. டப்பாவைப் பார்த்து, இரண்டுக்கு ஒன்று, சொட்டு பிசகாமல் கலந்தேன். இருபத்திரண்டு கிளாம்ப். இரவெல்லாம் நட்சத்திரம் தெரிந்தது, ஈரமே இல்லை.

காலையில் நான் போனபோது தச்சர் துளியைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டிருந்தார். நகத்தால் தட்டினார். டொக் என்றது. கல்.

அவர் கிளாம்ப்புகளைக் கழற்ற ஆரம்பித்தார். கழற்றிய ஒவ்வொன்றையும் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் வரிசையாக வைத்தார். பத்து. பதினைந்து. ஸ்கேல் தன் எஃகு ஸ்கேலைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார், வைத்தார், எடுத்தார். இருபத்திரண்டு. பலகை அசையவில்லை. இனி அவரைப் பிடித்துவைக்க அந்தக் கொட்டகையில் எதுவும் இல்லை.

அந்தம்மா தட்டில் டீ கொண்டுவந்தார். வழக்கமான இரண்டு கோப்பை, எனக்கொன்று. அண்ணனிடம் ஒன்றைக் குறிப்பாக எடுத்துக் கொடுத்தார், கணவரிடம் மற்றொன்றை.

தச்சர் ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. "என்னம்மா இது, ஜீராவா?"

"ரெண்டு கரண்டிண்ணா. உனக்குப் பிடிச்ச மாதிரி. போற அன்னிக்காவது..."

ஸ்கேல் தன் கோப்பையிலிருந்து ஒரு வாய் குடித்து, அதைக் கையெட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "இது என்ன, மருந்தா?"

"சர்க்கரையே போடலைங்க. நீங்கதானே அஞ்சு வருஷமாக் கேட்டீங்க?"

இருவரும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். விரும்பியது கிடைத்துவிட்ட மனிதர்கள் இவ்வளவு குழம்பிப்போய் நிற்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

தச்சர் கோப்பையைத் தங்கையிடம் நீட்டினார்.

"நாளையிலேருந்து பழையபடியே போடு."

அவர் குனிந்து முதல் கிளாம்ப்பை எடுத்தார். பெட்டிக்குள் வைக்கவில்லை. தெருப் பக்கம் போய், "மாப்ள, அந்தப் பலகையைக் கொஞ்சம் தூக்குங்க. சார், பசை. ரெண்டுக்கு ஒண்ணு" என்றார்.

அந்தம்மா இரண்டு டீயையும் ஒரே பாத்திரத்தில் கொட்டினார். இரண்டு தடவை ஆற்றினார். இரண்டு கோப்பையிலும், குனிந்து கண்ணுக்கு நேராகப் பார்த்து, சமமாக ஊற்றினார். அவர்கள் பலகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் வாங்கி, முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார்கள்.